செடிக்குக் காவல்

நான் வேலை பார்த்த தேயிலைத் தோட்டத்திலிருந்து போன வாரம் ஓர் அழைப்பு வந்தது. புதிதாகச் சேர்ந்திருக்கும் மேற்பார்வைக் கிராணிகளுக்கும், அவர்களுக்குக் கீழே ஆட்களை நடத்தும் மண்டோர்களுக்கும் ஒருநாள் பயிற்சி நடக்கிறதாம். தலைப்பு, ‘தோல்வி பயத்தை வெல்வோம், புதியதை முயல்வோம்.’ அதில் நான் அரை மணி நேரம் பேசவேண்டுமாம். என் பெயருக்குக் கீழே ‘ஓய்வு பெற்ற முன்னாள் ஊழியர்’ என்று போட்டிருந்தார்கள். எனக்கு வயது முப்பத்து நான்கு. தேயிலைக் காட்டில் செய்யும் வெளிக்காட்டு வேலையில் பாதியைத் தோட்டம் கான்ட்ராக்டுக்குக் கொடுத்தபோது, கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தவர்களில் நானும் ஒருவன். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் மரியாதையான பெயர் ஓய்வு.

அதுகூடப் போகட்டும். அழைப்பின் மேல்பாதியில் ஒரு புகைப்படம். பச்சைச் சரிவில் இரண்டு பெண்கள் கொழுந்து வெட்டும் மெஷினைத் தூக்கிப் பிடித்தபடி சிரிக்கிறார்கள். இடது பக்கம் நிற்பவர் கோகிலா அக்கா. படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில், ‘துணிவு உன் உள்ளத்தில் இருக்கிறது.’

படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கோகிலா அக்காவின் உள்ளத்தில் துணிவு எப்போதும் இருந்தது. அவருக்குப் பயத்தைக் கொண்டுவந்து கொடுத்தவர்கள் யார் என்பதை மட்டும் அந்த அழைப்பு எழுதவில்லை. அந்த அரை மணி நேரத்தில் சொல்லவேண்டியதை இங்கே எழுதிவிடுகிறேன். என் பின்னால் வரும் பிள்ளைகள் மைக் இல்லாமலே படித்துக்கொள்ளட்டும்.

என் அப்பா தேயிலை ஆலையில் அடுப்புக்கு விறகு போட்டவர். அம்மா கத்தரியால் கொழுந்து வெட்டியவர். இருவரும் பள்ளிக்கூடம் போனதில்லை. நான் தாப்பா நகரில் விடுதியில் தங்கி, பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்து, விவசாயத்தில் டிப்ளோமா வாங்கி, பிறந்த தோட்டத்துக்கே வெளிக்காட்டுக் கிராணியாகத் திரும்பினேன். பயிற்சிக் காலத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. முதலில் மெஷினுக்குப் பின்னால் பை பிடித்தேன். பிறகு மெஷின் பிடித்தேன். அதற்குப் பிறகு மெஷின் பிடிப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை.

மெஷினைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தேயிலை நிரையின் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். நடுவில் செடியின் தலைக்கு மேல் வில்லாக வளைந்த நீண்ட கத்தி. இஞ்சின் ஓடினால் கத்தி கொழுந்தை வெட்டும், காற்று அதைப் பின்னால் தொங்கும் பைக்குள் ஊதித் தள்ளும். பையைப் பிடித்துக்கொண்டு மூன்றாமவர் வருவார். கேட்க எளிதாகத்தான் இருக்கும். ஆனால் போன சுற்றில் வெட்டிய மட்டத்துக்கு ஒரு விரல் கனம் மேலேதான் கத்தி போகவேண்டும். இறங்கினால் குச்சியும் முற்றல் இலையும் சேர்ந்து வரும், அந்தச் செடி திரும்பத் துளிர்க்க நாளாகும். ஏறினால் கொழுந்து செடியிலேயே நின்று முற்றிப்போகும். சரிவில் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே வைத்து, மழையில் வழுக்கும் மண்ணில், இரண்டு பேர் ஒரே மூச்சாக நடந்தால்தான் அந்த விரல் கனம் நிற்கும்.

புதிதாகப் பிடிப்பவனின் கை பயந்தால் மெஷின் உடனே மேலே ஏறும். ஏறிவிட்டதே என்று பதறினால் கீழே இறங்கும். வெட்டி முடித்துத் திரும்பிப் பார்த்தால் நிரை முழுக்க அலை அலையாக இருக்கும். எந்த இடத்தில் கை நடுங்கியது என்பதைச் செடியே காட்டிக்கொடுத்துவிடும்.

இப்போது எங்கள் தோட்டத்து வழக்கத்துக்கு வருகிறேன். அதன் பெயர் ‘செடிக்குக் காவல்.’ ஒரு செடியைப் பழுதாக்கியவர், தேநீர் வேளையில் தலையில் இருப்பதைக் கழற்றிவிட்டு அந்தச் செடிக்குப் பக்கத்தில் நிற்கவேண்டும். மற்றவர்கள் அந்த நிரை வழியாகத்தான் டீக்கு இறங்குவார்கள், அதே வழியாகத்தான் திரும்பி ஏறுவார்கள். நிற்பவருக்கு டீ கிடையாது. போகிறவர்கள் சும்மா போவார்களா?

“என்னா மாமா, செடி ஓடிப்போயிருமா? கயிறு கட்டி வெய்யுங்க லா.”

“பேர் வெச்சாச்சா அதுக்கு? காது குத்துக்குச் சொல்லி அனுப்புங்க.”

வெள்ளைக்காரத் துரை காலத்து வழக்கம் என்பார்கள் சிலர். ஜப்பான்காரன் காலத்தில் வந்தது என்பார் என் அப்பா. யார் ஆரம்பித்திருந்தாலும் சரி, விடாமல் காப்பாற்றி வந்தவர்கள் நம் ஆட்கள்தான். அதைச் சொல்லும்போதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

இதில் இன்னொரு அநியாயம் உண்டு. பழகிய வேலையை ஒப்பேற்றியவர் யாரும் காவல் நின்று நான் பார்த்ததில்லை. காலம் காலமாகச் செய்யும் தப்பு யார் கண்ணிலும் படாது. புதிதாக ஒன்றைச் செய்து பார்த்தவனுடைய தப்புதான் உடனே தெரியும். ஆகவே எங்கள் தோட்டத்தில் யாரும் புதிதாக எதையும் செய்து பார்க்கவில்லை. ‘இந்த ஜனங்களுக்கு முன்னேறும் எண்ணமே இல்லை’ என்று ஆபீசில் பேசிக்கொண்டார்கள்.

அப்படிப் பேசியவர்களில் முதல் ஆள் எங்கள் சின்ன துரை. உதவி நிர்வாகி. அவர் பெயர் இங்கே வேண்டாம். குரலை உயர்த்தவே மாட்டார். சேறு படாத காலணி, கையில் மெல்லிய மூங்கில் தடி. வெட்டி முடித்த நிரையில் ஏதோ ஓர் இடத்தில் நிற்பார். தடியைச் செடியின் தலைமேல் படுக்க வைப்பார். பிறகு குந்தி உட்கார்ந்து, தடிக்கும் இலைக்கும் நடுவே ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். இடைவெளி இருந்தால், “வெளிச்சம் தெரியுதே” என்பார், ஏதோ வருத்தப்படுகிறவர் மாதிரி. பிறகு அதே மெல்லிய குரலில், “கொஞ்சம் நில்லுங்க” என்பார். பெண்களாக இருந்தால் “கொஞ்சம் நில்லுங்கம்மா.” திட்டியிருந்தால்கூடத் திருப்பி ஏதாவது சொல்லியிருக்கலாம். அந்த ‘அம்மா’வுக்கு யார் என்ன பதில் சொல்வது?

இதே சின்ன துரை ஒருமுறை, உச்சி வெயிலில் இலைக்கு உரம் அடிக்கச் சொல்லி ஒரு சரிவையே கருக வைத்தார். எங்கள் மண்டோர் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. அதற்கு யாரும் எந்தச் செடிக்கும் காவல் நிற்கவில்லை. மாதக் கூட்டத்தில் அதைப் ‘பாடம்’ என்றார்கள். எங்கள் ஆட்கள் செய்தால் பழுது, அவர் செய்தால் பாடம்.

கோகிலா அக்காவின் கதை இங்கேதான் தொடங்குகிறது. கீழ்க்காடு முழுவதையும் மெஷினுக்கு மாற்றப்போவதாகத் தோட்டம் அறிவித்தது. கத்தரிக் கூட்டத்தில் இருந்த பெண்களைக் கான்ட்ராக்டரிடம் தள்ளிவிடுவார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. கான்ட்ராக்டரிடம் போனால் வேலை இருக்கும், தோட்டத்து வீடு இருக்காது. கோகிலா அக்காவின் கணவர் லெம்பா பெர்த்தாமிலிருந்து காய்கறி லோரி ஓட்டியவர். முதுகு போய் வீட்டோடு கிடந்தார். பிள்ளைகள் இரண்டும் பள்ளியில். தோட்டம் வரிசையாகக் கட்டிக்கொடுத்த அந்த லைன் வீடு அக்காவின் வேலையை நம்பித்தான் நின்றது.

ஒரு காலை, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் எல்லாரும் வரிசையில் நிற்கும்போது அவர் என்னிடம் உரக்கக் கேட்டார்.

“கிராணி தம்பி, மெசின ஆம்பளைங்கதான் புடிக்கணும்னு எங்கயாச்சும் சட்டம் இருக்கா?”

“இல்லக்கா.”

“அப்ப எங்களுக்கும் குடுங்க. நானும் சாந்தியும் புடிக்கிறோம்.”

சாந்தி அவருக்கு அடுத்த வீடு, கத்தரியில் அவருக்கு ஜோடி. ஆண்கள் வரிசையிலிருந்து மெஷின்காரர் முனியாண்டி குரல் கொடுத்தார்.

“மெசின் சோத்துப் பானை இல்ல கோகிலா. தூக்கிப் பாரு, இடுப்பு கழண்டு கீழ ரிங்லெட் டவுன்ல போய் விழும்.”

“சனிக்கிழமையானா ஒன் பொண்டாட்டி ஒன்னய தண்ணிக் கடையிலருந்து தூக்கிட்டுதான வர்றா? அவளுக்குக் கழண்டுச்சா?”

பெரட்டே சிரித்தது. முனியாண்டியும் சிரித்தார். இப்படிப் பேசக்கூடிய ஒரு பெண்ணுக்குத்தான் துணிவை உள்ளத்தில் தேடச் சொல்லிப் பாடம் எடுக்கிறார்கள்.

சின்ன துரை ஒத்துக்கொண்டார். பழக நாள் எதுவும் கொடுக்கவில்லை. “நேரா காட்டுல பிடிக்கட்டும், பார்க்கலாம்” என்றார். தளதளவென்று கொழுந்து நின்ற நல்ல காடு, சுற்றி இரண்டு மெஷின் கூட்டம், வேடிக்கை பார்க்க மண்டோர்கள். இஞ்சினை முடுக்கியதும் சாந்தியின் முகம் வெளுத்தது. கோகிலா அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். நான் பக்கத்திலேயே போய், “கைய எறக்குங்கக்கா, கொஞ்சம் எறக்குங்க” என்று சொல்லிக்கொண்டே வந்தேன். இஞ்சின் சத்தத்தில் அது அவருக்குக் கேட்டிருக்காது. ஏறியது. பதறி இறக்கினார். கத்தி குச்சியில் மாட்டிக்கொண்டு அலறியது. மறுபடி ஏறியது. நிரை முடிந்து திரும்பிப் பார்த்தபோது கடல் மாதிரி அலையடித்தது.

சின்ன துரை தடியை வைத்தார். குந்தினார். ஒரு கண்ணை மூடினார்.

“வெளிச்சம் தெரியுதே. கொஞ்சம் நில்லுங்கம்மா.”

கோகிலா அக்கா தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து இடுப்பில் செருகிக்கொண்டு நின்றார். தூறல் விழுந்துகொண்டிருந்தது. கூட்டம் இறங்கியது. பை பிடிக்கும் வங்காளதேசத்துப் பையன்கள் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். அவர்களுக்கு இருந்த நாகரிகம் நமக்கு இல்லை. முனியாண்டி நின்று, “காவல் டூட்டி கெடச்சிருச்சு. இதுக்கு மெசினே வேணாமே” என்றார். எதற்கும் சுடச்சுடப் பதில் வைத்திருக்கும் கோகிலா அக்கா அன்று வாயைத் திறக்கவில்லை. கண்களைச் செடியிலிருந்து எடுக்கவே இல்லை.

மாலையில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“தம்பி, இனிமே மெசினுக்கு எம் பேரச் சொல்லாத.”

“மொத நாள்தானேக்கா.”

“மெசினுக்கு நான் பயப்படல. அது ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள் கைக்கு வந்துரும். அங்க நின்னேன் பாரு… அப்ப ஒண்ணுக்கு வந்துச்சு. போய்ட்டு வரட்டுமான்னு கேக்கக்கூட வாய் வரல. பச்சப்புள்ளையாட்டம் நின்னேன். இன்னொரு தடவ அப்படி நிக்க முடியாது.”

“வீடு?”

“அது போயிரும்னுதான் தெரியுதே” என்றார். துணியைத் தலையில் கட்டிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார்.

யோசிக்க யோசிக்கக் கோபம்தான் வந்தது. பழகாதவரைக் கொண்டுபோய் நல்ல காட்டில் விட்டு, தப்பு செய்ய வைத்து, நிறுத்தி வைத்து, பிறகு ‘பெண்களால் முடியாது’ என்று எழுதிக்கொள்வது ஒரு சோதனையா? கெட்டுப்போனால் யாருக்கும் நட்டமில்லாத செடி ஒன்றுகூடவா இத்தனை பெரிய தோட்டத்தில் இல்லை?

இருந்தது. அதுவும் என் கண்ணெதிரே. தேயிலைச் செடியைச் சில வருடங்களுக்கு ஒருமுறை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவோம். அதற்குக் கவாத்து என்று பெயர். அடுத்த மாதம் கவாத்துக்குப் போகவேண்டிய காடு ஒன்று ஆற்றோரமாகக் காத்துக்கொண்டிருந்தது. அந்தச் செடியின் தலையில் எவ்வளவு அலை அடித்தால் என்ன? எல்லாம் கீழேதான் விழப்போகிறது. இத்தனை வருடமாக ஆட்களைப் பழக்குகிறோம், கவாத்துக் காடும் வருடம் தவறாமல் வருகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியவர் இருந்திருந்தாலும், சொல்லிப் பலிக்காமல் போனால் என்ன ஆகுமோ என்று வாயை மூடியிருப்பார்.

சின்ன துரையிடம் கேட்டேன்.

“கவாத்துக்கு முன்னாடி செடிய ஓய்வா விடணும். வேர்ல சத்து சேரணும். டிப்ளோமாவுல சொல்லித் தரலையா?”

“சொல்லித் தந்தாங்க சார். ஓரத்துல ரெண்டு நெரை போதும். கவாத்து ஆளுங்க லோரி ஏறி மிதிக்கிற நெரைதான் அது.”

“வீணாக்கப் பழகிட்டா நல்ல காட்டுலயும் வீணாக்குவாங்க.”

“வீணாக்காம எப்படி சார் பழகுறது?”

அவர் சிரித்தார். “உங்களுக்கு ஆர்வம் ஜாஸ்தி” என்றார். அத்தோடு முடிந்தது.

தோட்டத்தின் நிர்வாகியான பெரிய துரை மலாய்க்காரர், அளந்து பேசுபவர். அவரிடம் நேராகப் போனேன். போகக்கூடாத வழிதான், தெரிந்தேதான் போனேன். அவர் சன்னல் வழியாக ஆற்றோரத்துக் காட்டைப் பார்த்தார். ஸ்டோரில் கிடக்கும் பழைய மெஷினை எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஏதாவது ஆனால் பொறுப்பு உன்னுடையது என்று மட்டும் சேர்த்துக்கொண்டார்.

அந்தக் கடைசிச் சொல் என்னோடு வீடுவரை வந்தது. அப்பாவும் அம்மாவும் வேலையிலிருந்து நின்றுவிட்டார்கள். நாங்கள் குடியிருந்ததும் தோட்டத்து வீடு. இப்போது அது என் வேலையை நம்பி நின்றது. அம்மாவிடம் சொன்னபோது அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“அந்தக் கோகிலாவுக்கு வீடு இருக்கணும்னு நம்ம வீட்ட வெச்சு ஆடுறியா?”

“பலிச்சா ரெண்டு வீடும் இருக்கும்மா.”

“பலிக்கலன்னா?”

பயந்தேன். இதை ஒளிக்க நான் விரும்பவில்லை. பயத்தோடுதான் மறுநாள் மெஷினுக்குப் பெட்ரோல் ஊற்றினேன்.

கோகிலா அக்காவை வரவழைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. அங்கே யாரும் பார்க்கமாட்டார்கள், தடி வராது, யாரும் நிற்கவேண்டியதில்லை என்று சத்தியம் செய்தபிறகு சாந்தியோடு வந்தார். வேலை முடிந்து, மூடுபனி இறங்குவதற்கு முன்னால் கிடைக்கும் கொஞ்ச நேரம்தான். முதல் நாள் நான் சொன்னேன்:

“அக்கா, இந்த நெரைய நல்லா வெட்டக்கூடாது. வேணும்னே கெடுங்க. எவ்வளவு ரோசாக் ஆக்க முடியுமோ ஆக்குங்க.”

“என்னா தம்பி, காச்சலா?”

“கெடுத்துப் பாருங்க லா.”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கோகிலா அக்கா மெஷினை அப்படியே செடிக்குள் இறக்கினார். கத்தி கிறீச்சிட்டது, குச்சி பறந்தது, இஞ்சின் இருமிக்கொண்டே நின்றுபோனது. செடி பாதி மொட்டையாக நின்றது. மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“அவ்வளவுதானா?” என்றார் கோகிலா அக்கா.

“அவ்வளவுதான்க்கா.”

“இதுக்கா இம்புட்டு நாளா செத்தோம்?”

சாந்திக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து முடியாமல் செடியோரத்தில் உட்கார்ந்தே விட்டாள். அடுத்த செடியை வேண்டுமென்றே உயரத்தில் வெட்டினார்கள். அதற்கடுத்ததை ஒருபக்கம் சாய்த்து வெட்டினார்கள். எவ்வளவு கை சாய்ந்தால் கத்தி எவ்வளவு சாய்கிறது, சரிவில் கீழே நடப்பவர் கையை எங்கே வைத்தால் மட்டம் நிற்கிறது என்பதெல்லாம் கெடுக்கும்போதுதான் கைக்குத் தெரிந்தது. சரியாக வெட்டு, சரியாக வெட்டு என்று கத்திக்கொண்டிருந்தால் இது வந்திருக்காது. மூன்றாம் நாள் நான் வாயை மூடிக்கொண்டேன். சாந்தி ஏற்றினால் கோகிலா அக்கா கத்துவார், அவர் இறக்கினால் சாந்தி கத்துவாள். “மாடே, எறங்குற!” “நீதான்டி எரும, ஏத்துற!” கவாத்து ஆட்கள் வருவதற்குள் அந்த இரண்டு நிரையின் கடைசிப் பகுதி வழித்துவிட்ட சோற்றுத் தட்டு மாதிரி மட்டமாக இருந்தது.

மறுபடியும் சோதனை வைக்கச் சொல்லிக் கேட்டேன். சின்ன துரை வைத்தார். எந்தக் காட்டில்? வாய்க்கால் குறுக்கே ஓடும் மேட்டுக்காட்டில். ஆண்களின் கூட்டங்களே முகம் சுளிக்கும் காடு அது.

“ஆம்பளைங்களுக்கு மொத சோதனைக்கு என்ன காடு குடுத்தீங்களோ அதையே குடுங்க சார்.”

“திறமை இருந்தா எந்தக் காடா இருந்தா என்ன?”

திரும்பி வந்து கோகிலா அக்காவிடம் சொன்னேன். வேண்டாம் என்றால் விட்டுவிடலாம் என்றும் சொன்னேன். அவர் துணியைத் தலையில் இறுக்கிக் கட்டினார். “கெடுத்தா கெட்டுட்டுப் போவுது. நட தம்பி” என்றார்.

அன்றும் எல்லாரும் நின்றார்கள். இருவரும் நடந்தார்கள். நிரை மட்டமாக வந்துகொண்டிருந்தது. வாய்க்கால் கரையில் சாந்திக்குக் கால் வைக்க இடமில்லை, ஒரு பக்கம் இறங்கினாள், மறுபக்கம் ஏறியது. அந்த ஒரு செடி உயர்ந்து நின்றது. சின்ன துரை வேறெங்கும் பார்க்கவில்லை. நேராக அங்கே வந்து தடியை வைத்தார், குந்தினார்.

“வெளிச்சம் தெரியுதே. கொஞ்சம் நில்லுங்கம்மா.”

அக்காவின் வீடும் போனது, என் வீடும் போனது என்றே நினைத்தேன். கோகிலா அக்கா இஞ்சினை அணைக்கவில்லை, வேகத்தை மட்டும் குறைத்தார். எட்டிப் பார்த்து, அந்தச் செடியின் தலையை உள்ளங்கையால் தடவினார்.

“ஆமாங்க துரை, ஏறிருச்சு. வாய்க்கால்ல அவளுக்குக் கால் வெக்க எடமில்ல. திரும்பி வரப்ப கீழ எறங்கி நின்னு சரி பண்ணிர்றோம்.”

“அது சரிம்மா. இப்ப நில்லுங்க.”

“நின்னா செடி எறங்குமா துரை?”

அவர் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவர் மாதிரி முகத்தை வைத்திருந்தார். சின்ன துரை குந்தியபடியே இருந்தார்.

“சாந்தி, தூக்குடி.”

மெஷின் நகர்ந்தது. திரும்பி வரும்போது சாந்தி வாய்க்காலுக்குள் இறங்கி, முழங்கால்வரை தண்ணீரில் நின்று பிடித்தாள். அந்தச் செடியும் மட்டமானது. டீக்கு இறங்கும்போது முனியாண்டி, யாரையும் பார்க்காமல், “இன்னிக்குக் காவல் டூட்டிக்கு ஆளே இல்ல போலருக்கு” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எந்தப் பக்கம் போனது என்று சின்ன துரைக்கும் தெரிந்திருக்கும்.

கொழுந்து ஆலைக்குப் போனது. அதில் குச்சி இல்லை என்று ஆலையிலிருந்து சொன்னதும் பெரிய துரை தலையாட்டினார். பெண்கள் மெஷின் கூட்டம் அப்படித்தான் வந்தது. பிற்பாடு கான்ட்ராக்ட் வந்தபோதும் மெஷின் கூட்டங்களைத் தோட்டம் தன் கையிலேயே வைத்துக்கொண்டது. அதனால் கோகிலா அக்காவின் வீடு தப்பியது, சாந்தியின் வீடும் தப்பியது. என்னைச் சாலை வெட்டும் இடத்துக்கு மாற்றினார்கள். ஒழுங்கைக் கெடுத்தவன் என்று சின்ன துரை சொன்னதாகக் கேள்வி. பெண்களைப் பழக்கிய கிராணியான நான் சாலையோரத்தில் சரளைக்கல் லோரிக்குக் கை காட்டிக்கொண்டிருந்தேன். ஆட்குறைப்பு வந்தபோது முதலில் கூப்பிட்ட பெயர்களில் என் பெயரும் இருந்ததில் எனக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை. பெற்றோரைக் கூட்டிக்கொண்டு கோலா தெர்லாவுக்கு வந்தேன். வாடகை நிலத்தில் சாலட் கீரை போடுகிறேன்.

இந்த அழைப்பு வந்ததும் கோகிலா அக்காவுக்குப் போன் போட்டேன். அவர் இப்போது மண்டோர்.

“ஒங்க படத்தப் போட்டிருக்காங்கக்கா. கேட்டாங்களா?”

“சிரிங்கன்னாங்க, சிரிச்சேன்.”

“காவல் நிக்கிறதெல்லாம் இப்ப இல்லதானே?”

அவர் குரலைத் தணித்துக்கொண்டார்.

“நிக்க வெக்கிறது இல்ல தம்பி. அது சட்டப்படி தப்பாம். இப்ப போன்ல படம் புடிக்கிறது. கெட்டுப்போன செடிய ஒரு படம், மெசின் புடிச்ச ஆளு மூஞ்சிய ஒரு படம். பேரு போட்டு தோட்டத்து வாட்ஸாப் குரூப்புல போடணும். எல்லாரும் பாப்பாங்க. மாட்டுன ஒருத்தரோட மருமவன், தாப்பாவுல இருக்கிறவன்கூடப் பாத்துட்டுக் கேக்குறானாம்.”

முன்பெல்லாம் ஒரு டீ வேளையோடு முடிந்தது. இப்போது அழிக்கவே முடியாத காவல்.

“யாருக்கா படம் புடிக்கிறது?”

“மண்டோருங்கதான்.”

“நீங்களுமா?”

“எம் போன்ல கேமரா வேல செய்யலன்னு சொல்லி வெச்சிருக்கேன். புதுப் புள்ளைங்கள கவாத்துக் காட்டுல விட்டுப் பழக்கிட்டு அப்பறமாத்தான் மேல கொண்டாறேன். யாருக்கும் தெரியாது.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. “ஏன்க்கா பொய் சொல்லணும்? அன்னிக்கு சின்ன துரை மூஞ்சிக்கு நேரா கேட்டீங்களே. படம் புடிக்க முடியாதுன்னு நேரா சொல்லுங்களேன்.”

“சொல்லலாம் தம்பி. ஒன் வீடு தெர்லாவுல இருக்கு. நான் இன்னும் லைன்லதான் இருக்கேன்.”

அவர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை.

பயிற்சிக்குப் போவதாக இருக்கிறேன். மேடையில் கோகிலா அக்காவின் பெயரைச் சொல்லமாட்டேன், அவர் கேமரா நன்றாக வேலை செய்வதையும் சொல்லமாட்டேன். இந்த எழுத்தையும் அவர் லைனை விட்டுப் போனபிறகுதான் வெளியே விடுவேன். பின் வரிசையில் புதுக் கிராணிகளும் மண்டோர்களும் உட்கார்ந்திருப்பார்கள். புதியதை முயல அவர்களுக்கு என் உபதேசம் தேவையில்லை. முன் வரிசையில் துரைமார் இருப்பார்கள். அரை மணி நேரமும் அவர்களிடம்தான் பேசப்போகிறேன். அந்தக் குரூப்பில் இருக்கும் முகங்களை அழியுங்கள். பழகுகிறவனுக்கு முதலில் கவாத்துக் காட்டைக் கொடுங்கள், ஒளித்து அல்ல, பெரட்டில் எல்லார் முன்னாலும் அறிவித்துக் கொடுங்கள். தவறு செய்தவன் அன்று மாலை தன் வீட்டுக்குத்தான் திரும்பிப்போவான் என்று எழுத்தில் கொடுங்கள். இதையெல்லாம் செய்து முடித்துவிட்டு எங்களிடம் வந்து, பயப்படாதே என்று சொல்லுங்கள்.